வாக்கும் கணக்கும்: வாக்காளர் கைநழுவ விடும் தேதிகளும் தாள்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாளிதழ்களின் குறைதீர் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர், குப்பை பற்றியவை. நான்குமே உள்ளாட்சியின் பொறுப்பு. ஆனால் 2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் பதிவானது 43.59 சதவீத வாக்குதான். மாநிலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் சுமார் 60.7 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் மாநில அளவில் ஏறத்தாழ 73 சதவீதம் பதிவாகியிருந்தது. வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருக்கும் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கத்தான் நாம் மிகக் குறைவாக வருகிறோம். இது பற்றியும், வாக்களித்த மறுநாள் தொடங்க வேண்டிய வேலை பற்றியும் விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

'என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது' என்ற கேள்விக்கு எண்களே பதில் சொல்லும். 2016-ல் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். 2021-ல் தியாகராய நகரில் 137. அந்தத் தேர்தலில் ஒரே வாக்குச்சாவடியின் பட்டியலில் சுமார் ஆயிரம் பெயர் வரை இருந்தது. அதில் ஏழில் ஒரு பங்கு பேர் வந்திருந்தால் தியாகராய நகரின் முடிவு மாறியிருக்கலாம். 2004-ல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியிலும் 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாராவிலும் ஒரே ஒரு வாக்கில் முடிவானது.

இப்படி நூலிழையில் முடியும் தேர்தல்கள் குறைவு என்று ஒருவர் சொல்லலாம், அது சரிதான். ஆனால் வித்தியாசம் ஐம்பதாயிரமாக இருந்தாலும் நம் வாக்கு வீணாகாததற்கு இன்னொரு காரணம் உண்டு. எண்ணிக்கை முடிந்ததும் 'படிவம் 20' என்ற தாள் வெளியிடப்படுகிறது. எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை வாக்கு, நோட்டாவுக்கு எத்தனை என்று சாவடி வாரியாக அதில் இருக்கும். கட்சிக்காரர்கள் அடுத்த ஐந்து ஆண்டுக்கு வரைபடம் போடுவது இந்தத் தாளை வைத்துத்தான். ஒரு குடியிருப்புப் பகுதியின் சாவடியில் முப்பது சதவீதம்தான் பதிவாகிறது என்றால், அந்தத் தெருக்களின் கோரிக்கையால் தனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று ஜெயித்தவருக்கும் தெரியும், தோற்றவருக்கும் தெரியும். தோற்ற வேட்பாளருக்குப் போட்ட வாக்கும் படிவம் 20-ல் நிற்கும். வீட்டிலேயே இருந்துவிட்டவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

இனி, வாக்கு எங்கே தவறிப்போகிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் பட்டியலிலேயே தவறிவிடுகிறது. அடையாள அட்டை கையில் இருந்தால் வாக்களிக்கலாம் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டை பயன்படாது. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால், ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் போன்ற மாற்று ஆவணம் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். பூத் சிலிப் மட்டும் போதாது. 2019 முதல் அது அடையாளச் சான்றாக ஏற்கப்படுவதில்லை.

புதிதாகச் சேர படிவம் 6. வீடு மாறினாலோ, பெயர், வயது, புகைப்படத்தில் பிழை இருந்தாலோ படிவம் 8. இறந்தவர், இடம்பெயர்ந்தவர் பெயரை நீக்கக் கோரவும் ஆட்சேபம் தெரிவிக்கவும் படிவம் 7. முன்பு ஜனவரி 1-ல் 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற ஒரே தகுதி நாள்தான் இருந்தது. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு. 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ கொடுக்கலாம். சந்தேகங்களுக்கு 1950 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதுதான் பெரிய தவறு. வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாள் கடந்ததும் பட்டியலில் எந்தப் பெயரையும் சேர்க்கவோ நீக்கவோ சட்டம் இடம் தராது. வந்த விண்ணப்பத்தின் மீது ஆட்சேபம் கேட்டு ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை நிராகரித்தாலோ பெயரை நீக்கினாலோ, உத்தரவு வந்த 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்காதவர்களால் இந்த நாட்களைக் கணக்கிடவே முடியாது. அதனால் விண்ணப்பத்தின் ஒப்புகை எண்ணைக் குறித்து வைப்பது மிக அவசியம்.

உள்ளாட்சித் தேர்தலில் இன்னொரு சிக்கல் உண்டு. மாநிலத் தேர்தல் ஆணையம் சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரிக்கிறது. பிரிக்கும்போது ஒரே தெருவின் ஒரு பக்கம் ஒரு வார்டிலும் மறுபக்கம் இன்னொரு வார்டிலும் போய்விழும். ஒரே குடும்பம்கூட இரண்டு வார்டில் சிதறும். சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தோமே என்ற நம்பிக்கையில் இருந்துவிடாமல், வார்டு பட்டியல் வெளியானதும் தனியே சரிபார்க்க வேண்டும்.

85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளும் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அதற்குரிய படிவம் 12டி-யைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் தர வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் கேட்டால் கிடைக்காது.

அடுத்தது யாருக்கு வாக்களிப்பது என்பது. அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆனால் வேட்பாளர் தம் கையெழுத்தில் நமக்குத் தந்திருக்கும் ஒரு தாளைப் படிக்காமல் முடிவெடுப்பது வருத்தம் தருகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளால் கிடைத்த உரிமை அது. வேட்புமனுவோடு சேர்த்துக் கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் ஆணையத்தின் இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. பக்கங்கள் நிறைய இருப்பதால் மிரள வேண்டாம். சில இடங்களை மட்டும் கூர்ந்து பார்த்தால் போதும்.

முதலில் வழக்குகள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சாலை மறியலுக்காகப் போட்ட பத்து வழக்கும் மோசடிக்காகப் போட்ட ஒரு வழக்கும் ஒன்றாகாது. எந்தச் சட்டப்பிரிவு, எந்த நீதிமன்றம், நீதிமன்றம் குற்றச்சாட்டை முறைப்படி பதிவு செய்துவிட்டதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். அடுத்து சொத்து. ஐந்தாண்டுக்கு முந்தைய பத்திரத்தையும் இப்போதையதையும் அருகருகே வையுங்கள். பழைய நிலத்தின் மதிப்பு கூடியிருப்பது சந்தை விலையால் இருக்கலாம். புதிதாக வாங்கியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். வாங்கிய தேதியும் கொடுத்த விலையும் தனித்தனியே இருக்கும். அதே ஆண்டுகளில் வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகை, தமக்கும் துணைக்கும் சார்ந்திருப்போருக்கும் ஐந்து ஆண்டுக்கு, இன்னொரு பக்கத்தில் இருக்கும். இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கப் பள்ளிக் கணக்கே போதும். பிறகு அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி. கடைசியாக, பலர் தாண்டிப் போய்விடும் ஒரு பகுதி: வேட்பாளருக்கோ குடும்பத்தாருக்கோ அவர்கள் பங்குள்ள நிறுவனத்துக்கோ அரசோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்ற விவரம். நாளை சாலை ஒப்பந்தம் யாருக்குப் போகிறது என்று கேட்க இந்த வரி உதவும்.

எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. தெரிந்தே பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குற்ற வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்துகிறோம் என்று கட்சி காரணம் சொல்ல வேண்டும் என்றும், வெற்றி வாய்ப்பு மட்டும் காரணமாகாது என்றும் 2020-ல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் காரணங்கள் நாளிதழ்களில் விளம்பரமாகச் சிறிய எழுத்தில் வருகின்றன. பொறுமையாகப் படிக்க வேண்டியவை அவை.

சாவடிக்குள் நடக்கும் தவறுகளில் ஒன்றைத்தான் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். 'உங்கள் ஓட்டை ஏற்கெனவே போட்டாகிவிட்டது' என்று சொன்னதும் மனம் நொந்து திரும்பிவிடுகிறார்கள். திரும்பக் கூடாது. தேர்தல் நடத்தை விதி 49பி-யின்படி (49P), அடையாளத்தை நிரூபித்தால் தலைமை அலுவலர் உங்களுக்கு அச்சிட்ட வாக்குச்சீட்டு தர வேண்டும். அதில் குறியிட்டுக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார்கள். உங்கள் பெயரும் ஒரு பட்டியலில் ஏறும். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. ஆனால் வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து வழக்கு நடந்தால், நீதிமன்றம் எடுத்துப் பார்க்கும் சான்று அதுதான். கேட்டு வாங்காவிட்டால், கள்ள ஓட்டு நடந்ததற்கு எழுத்தில் ஒன்றுமே இருக்காது. மற்றபடி, யாருக்குப் போட்டோம் என்று காட்டும் விவிபாட் காகிதச் சீட்டு ஏழு விநாடி தெரியும். பொத்தானை அழுத்திய கையோடு வெளியேறாமல் அதைப் பாருங்கள். முடியும் நேரத்தில் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் தருவார்கள், எவ்வளவு நேரமானாலும் வாக்களிக்கலாம். நோட்டா எத்தனை வாக்கு பெற்றாலும் அடுத்து அதிகம் பெற்ற வேட்பாளரே வென்றவர் என்பதையும் தெரிந்துகொண்டு அழுத்த வேண்டும்.

பணப் பட்டுவாடா பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் தேர்தல் பற்றி எழுத முடியாது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் என்று வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்பட்டும் ரத்து செய்யப்பட்டும் போனது இதனால்தான். வாங்குவதும் கொடுப்பதைப் போலவே குற்றம். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகார் தந்தால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஏற்பாடு. பல புகார்கள் போய்ச் சேராததற்குக் காரணம், முன்பே எடுத்த படத்தை வாட்ஸ்அப்பிலிருந்து ஏற்ற முயல்வது. செயலிக்குள்ளேயே, நிகழ்விடத்திலேயே எடுத்த படமோ வீடியோவோதான் ஏற்கப்படும். பெயர் தெரிவிக்காமலும் அனுப்பலாம்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன்: வாக்களித்த பிறகு.

கேள்வி கேட்கவே நாம் தயங்குகிறோம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறையவே கேட்கிறோம், தவறான ஆளிடம், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத வடிவத்தில் கேட்கிறோம். தெருவிளக்குக்காக எம்.பி.யின் காரை மறிக்கிறோம். ரயில் நிறுத்தத்துக்காகக் கவுன்சிலரிடம் மனுக் கொடுக்கிறோம். ரயில், தேசிய நெடுஞ்சாலை, அஞ்சல் எல்லாம் எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியவை. அரசு மருத்துவமனையில் மருத்துவர் இல்லை, பள்ளியில் ஆசிரியர் இல்லை, மாநில நெடுஞ்சாலை பழுது என்றால் எம்.எல்.ஏ. சாக்கடையும் விளக்கும் குப்பையும் கவுன்சிலர் அல்லது ஊராட்சித் தலைவர். சாலையிலேயே நான்கைந்து வகை இருப்பதால், அது ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தெரியாமல் கொடுக்கும் மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மனுவில் ஒரே பிரச்சினை இருக்கட்டும். எந்தத் தேதியில் எந்த அலுவலகத்தில் புகார் கொடுத்தோம், புகார் எண் என்ன என்று எழுதுங்கள். 'ஆவன செய்ய வேண்டும்' என்று முடிக்காமல், துறைக்குக் கடிதம் எழுதி அதன் நகலை எங்களுக்குத் தர வேண்டும் என்று கேளுங்கள். அந்த நகல் வந்துவிட்டால், துறை என்ன பதில் சொன்னது என்று அடுத்த மாதம் கேட்க ஒரு பிடி கிடைத்துவிடும்.

தொகுதி மேம்பாட்டு நிதி பற்றியும் தெளிவு தேவை. எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. இந்தப் பணம் அவர்கள் கைக்கு வருவதில்லை. எந்த வேலை என்று பரிந்துரைப்பது மட்டுமே அவர்கள் அதிகாரம். அனுமதியும் பணப்பட்டுவாடாவும் மாவட்ட நிர்வாகத்தினுடையவை. ஆகவே நிழற்குடையில் பெரிய எழுத்தில் யார் பெயர் இருந்தாலும் அது மக்கள் பணம். கேட்க வேண்டியது, இந்த ஆண்டு எந்தெந்த வேலையைப் பரிந்துரைத்தார், எத்தனை முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்பது. இதற்கான பதில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் கிடைக்கும்.

அங்கேதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவு அஞ்சலில் அனுப்பினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தவறு செய்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தண்டம் விதிக்க ஆணையத்தால் முடியும்.

மனுக்கள் தோற்பது பெரும்பாலும் கேள்வியின் அமைப்பால். 'எங்கள் தெருச் சாலை ஏன் ஆறே மாதத்தில் பெயர்ந்தது?' என்று கேட்டால், காரணம் சொல்வது தகவலில் வராது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இருக்கும் ஆவணத்தைக் கேட்க வேண்டும்: நிர்வாக அனுமதி உத்தரவு, மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், பணம் வழங்கிய பட்டியல், ஒப்பந்ததாரர் பராமரிக்க வேண்டிய காலம் எழுதிய ஒப்பந்தப் பக்கம். இதில் அளவுப் புத்தகம்தான் உயிர்நாடி, எம்-புக் என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், அகலம், எவ்வளவு கனம் போட்டதாகக் கணக்கு எழுதிப் பணம் பெற்றார்கள் என்பது அதில் இருக்கும். அளவு நாடாவோடு போய் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, பெயர்ந்த ஓரத்தில் கனத்தையும் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பராமரிப்புக் காலம் முடியவில்லை என்றால் ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். புதிதாக நிதி ஒதுக்கத் தேவையே இல்லை.

கிராமங்களில் இருப்பவர்களுக்கு இன்னும் நேரடியான இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கு அங்கே வைக்கப்பட வேண்டும். நடைமுறையில் கெடுவது எங்கே என்றால், வருகைக்கு என்று சொல்லி வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானங்களைப் பிறகு எழுதிக்கொள்வது. தீர்மானம் எழுதி, உரக்கப் படித்து, அதன் கீழ்தான் கையெழுத்து. முடிந்ததும் நகல் கேட்டுப் பெறுங்கள். ஊராட்சிக்கு வந்த நிதிக் குழு மானியமும் அதிலிருந்து செலவானதும் இ-கிராம்ஸ்வராஜ் என்ற அரசு இணையதளத்தில் இருக்கின்றன; கூட்டத்துக்கு முதல் நாள் பார்த்துவிட்டுப் போனால் பேச்சு நேராகக் கணக்கிலிருந்து தொடங்கும். உத்திரமேரூரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் குடவோலைக்கு வெட்டி வைத்த விதிகளில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர் உறவினர் பெயரும் குடத்தில் இடத் தகுதியற்றவை என்று இருக்கிறது. நாம் கேட்பது அதைவிட எளியதுதான்.

ஆனால் கணக்குக் கேட்கப் பிரதிநிதியே இல்லாமல் போனால் என்ன செய்வது? 2016-ல் பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்கு 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில். நகரங்கள் 2022 வரை காத்திருந்தன. அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, மீண்டும் அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 243இ பிரிவு. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் காரணம் இருக்கிறது. மறுவரையறையை ஓராண்டு முன்னதாகத் தொடங்கினால் இவற்றில் பாதி எழாது என்பது என் உறுதியான எண்ணம். தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். அவரை அடுத்த தேர்தலில் மாற்ற நம்மால் முடியாது.

நீதிமன்றம் கடைசி வழி. மக்களவை, சட்டமன்றத் தேர்தல் முடிவை எதிர்த்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேட்பாளருக்கு மட்டுமின்றி அத்தொகுதியின் எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு. ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். 2016-ல் 49 வாக்கில் முடிந்த ராதாபுரம் தேர்தல் வழக்கில் மறுஎண்ணிக்கைக்கே 2019 ஆகிவிட்டது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதிக்க, அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் மாவட்டப் பதிப்புகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பகுதியின் எம்.பி. நாடாளுமன்றத்தில் தொகுதி பற்றிக் கேட்ட கேள்விகளும் கிடைத்த பதில்களும், எம்.எல்.ஏ. பேரவையில் கேட்டவை, மேம்பாட்டு நிதியில் பரிந்துரைத்த வேலைகள், அவற்றில் முடிந்தவை, நின்றுபோனவை ஆகியவற்றை அட்டவணையாகப் போடுங்கள். வருகைப் பதிவை மட்டும் போட்டால் போதாது. அமைச்சர்கள் அதில் கையெழுத்திடுவதே இல்லை, மற்றவர்களும் வந்து கையெழுத்திட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். கேள்விகள் மக்களவை, மாநிலங்களவைத் தளங்களில் இருக்கின்றன. நிதிக் கணக்குக்கு மாவட்டத்துக்கு ஒரு 10 ரூபாய் மனு போதும். படிவம் 20-ஐயும் தேர்தல் முடிந்த வாரத்தில் சாவடி வாரியாக வெளியிட்டால், தம் தெருவில் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்